அமுதவல்லியின் முதுகு

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் போய் அமுதவல்லி எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. 'பெட்டி அமுதா' என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் முதல் டெம்போ டிரைவர் வரை கை காட்டுவார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. தக்காளி நிரம்பிய பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து வண்டியின் மேலடுக்கில் ஏற்றுவது அங்கே ஆண்கள் வேலை. பெண்கள் கீழே உட்கார்ந்து பழத்தையும் காயையும் தரம் பிரிப்பார்கள். கூலியும் உட்கார்ந்தேதான் இருக்கும், எழுந்திருக்காது. கல்யாணமாகி வந்த வருஷமே அமுதவல்லி மேஸ்திரி தர்மன் முன்னால் போய் நின்று, "நானும் ஏத்தறனுங்க. அவங்களுக்குக் குடுக்கற கூலியே எனக்கும் குடுங்க" என்றாள்.

தர்மன் சிரித்தார். "ஏத்து, பாக்கலாம். பெட்டி காலுல உழுந்தா எங்கிட்ட வந்து அழக்கூடாது."

ஏற்றினாள். அன்றைக்கு வண்டி நிறைந்தபோது தர்மன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அவள் பலம் கையில் இல்லை. முதுகில் இருந்தது. மற்றவர்கள் குனிந்து தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் குனிய மாட்டாள். முட்டியை மடக்கி உட்கார்ந்து, முதுகைக் கல்தூண் மாதிரி நேராக நிறுத்தி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, ஒரே மூச்சில் எழுவாள். நான்கு வருஷம் அப்படி எழுந்ததில், பாரம் என்று வந்துவிட்டால் அவள் முதுகு கேட்காமலே நிமிர்ந்துகொள்ளும். வயிற்றில் பிள்ளை தங்கி நான்காம் மாதம் மாமியார் தீர்த்தம்மாள் மண்டிக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போன அன்றுவரை அந்த முதுகு அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

அவளுக்கு இருந்த ஒரே பயமும் அந்த முதுகைப் பற்றித்தான். அந்தப் பயத்தை ஊட்டியது ஓரகத்தி முறையாகும் பாரதி, அடுத்த வீட்டுக்காரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாரதிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். அப்போது முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து முதுகு வலி. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. தக்காளி பறிக்கப் போனால் பாதிச் சாலில் உட்கார்ந்துவிடுவாள்.

"ஊசி போட்ட முதுகு, கரையான் அரிச்ச விட்டம்டி" என்பாள். "மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். பாரம் ஏத்துனா தெரியும். நீ என்ன வேணா பண்ணு, முதுகுல மட்டும் குத்த உட்டுறாத. முழு மயக்கம் குடுங்கன்னு கேளு. தூங்கி எந்திரிச்சா கொழந்தை பக்கத்துல இருக்கும்."

அமுதவல்லி அதை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். பெட்டி தூக்க முடியாத அமுதா மறுபடியும் கீழே உட்கார்ந்து காய் பொறுக்க வேண்டும். அதற்கு அவள் தயாராக இல்லை.

எட்டாம் மாதத்தில் ஸ்கேன் பார்த்தபோதே, பிள்ளை தலை கீழே வராமல் உட்கார்ந்த வாக்கில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். திரும்பினாலும் திரும்பும், திரும்பாவிட்டால் ஆபரேஷன். வலி வந்ததும் எதுவும் சாப்பிடாமல் நேரே வந்துவிடு என்று நர்ஸ் இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வந்தது. புருஷன் பூவரசன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தான். தீர்த்தம்மாள் நடக்கவில்லை. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ராகிக் களி கிண்டி உருட்டி, அவரைக்காய்க் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

"அத்தை, சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்றவங்களுக்கு என்ன, சொல்லுவாங்க. வெறும் வயித்துல போயி எங்கிருந்து முக்குவ? எங்க வூட்டுல களி உள்ள போகாம எவளும் பெத்ததில்ல. நானும் அப்படித்தான் இவனைப் பெத்தேன். முழுங்கு."

களியை மெல்லக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். விழுங்கியது கல் மாதிரி வயிற்றில் உட்கார்ந்து மதியம் வரைக்கும் பசியை அண்ட விடாது. அமுதவல்லி வலி விட்ட நேரமெல்லாம் விழுங்கினாள். பயத்தில் பசியும் சேர்ந்து வந்திருந்தது. தட்டு காலியானபோது தீர்த்தம்மாள் அவள் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "கேட்டா ஒண்ணும் தின்னலைன்னு சொல்லிரு, என்ன? இல்லாட்டி அதுக்கு ஒரு பாட்டு உட்டு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கினு இருப்பாங்க" என்றாள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எட்டரை மணி. பிரசவ வார்டில் ராஜாமணி சிஸ்டர் கேட்டாள், "என்னா சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு வாய் காபித்தண்ணி."

பிரசவ டாக்டர் நிர்மலாதேவி வந்து பார்த்தார். கை வைத்துப் பார்த்தார், கருவி வைத்துப் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார். பிள்ளை இன்னும் திரும்பவில்லை, உட்கார்ந்த இடத்தில் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. "இப்பவே எடுத்துரலாம். கொழந்தை நல்லா இருக்குது, ஆனா ரொம்ப நேரம் காக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பூவரசன் என்ன ஏது என்று கேட்காமல் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

பச்சை உடை மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேதான் மயக்க மருந்து டாக்டர் ஷாஹீன் வந்தார். குள்ளமான ஆள். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண் சிரித்துக்கொண்டே இருந்தது.

"அமுதவல்லி தானே? நான்தாம்மா உனக்கு மரத்துப்போற ஊசி போடப்போறேன். முதுகுல, இடுப்புகிட்ட. போட்டா நெஞ்சுக்குக் கீழ வலி தெரியாது. நீ முழிச்சே இருப்ப, கொழந்தை அழுவறது முதல்ல உங்காதுலதான் கேக்கும்."

"வேணாங்க மேடம்" என்றாள் அமுதவல்லி. குரல் உறுதியாக இருந்தது. "முதுகுல வேணாம். முழு மயக்கம் குடுத்துருங்க."

ராஜாமணி சிஸ்டர் திரும்பினாள். "ஏம்மா, இது என்ன ஓட்டலா, அது வேணாம் இது குடுன்றதுக்கு? உங்க வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்டாச்சு."

"அவரு முதுகுலயா சிஸ்டர் குத்தப்போறீங்க?"

டாக்டர் ஷாஹீனின் தோள் சிரிப்பில் குலுங்கியது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, வண்டியின் உயரத்துக்கு முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"சரியாத்தான் கேட்ட. உன் முதுகு, நீ வேணாம்னா நான் குத்த மாட்டேன். ஏன் வேணாம்னு மட்டும் சொல்லு. நமக்குப் பத்து நிமிஷம் இருக்குது."

அமுதவல்லி சொன்னாள். பெட்டியைச் சொன்னாள், மண்டியைச் சொன்னாள், ஆண்களுக்குச் சமமாக வாங்கிய கூலியைச் சொன்னாள். பாரதி அக்காவின் குடத்தைச் சொன்னாள். நடுவில் ஒரு வலி வந்து பேச்சை நிறுத்தியது. வலி போகும்வரை டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உங்க பாரதியக்காவுக்கு என்ன வலின்னு எனக்குத் தெரியாது. பாக்காம சொல்லவும் மாட்டேன்" என்றார் பிறகு. "இந்த ஊசியைப் பத்தி மட்டும் சொல்றேன், கேளு. முடி மாதிரி மெல்லிசு. குத்துன எடம் ரெண்டு மூணு நாளைக்கு அடிபட்ட மாதிரி இருக்கும். நூத்துல ஒருத்தருக்கு, ரெண்டு பேருக்குத் தலைவலி வரும், அதுக்கு வைத்தியம் இருக்குது. ஆயுசு முழுக்க முதுகு போறது இதனால இல்ல. முழு மயக்கத்துல பெத்தவங்களுக்கும் முதுகு வலிக்குது. தானா பெத்தவங்களுக்கும் வலிக்குது. பத்து மாசம் சொமந்த முதுகு இல்லையா?"

"உள்ள நரம்பு இருக்குமேங்க? அதுல பட்டுருச்சுன்னா?"

"தண்டுவடம் மேலயே முடிஞ்சுரும். நான் குத்தறது அதுக்குக் கீழ. அங்க மெல்லிசு மெல்லிசா நரம்பு தண்ணியில மிதக்கும். எங்க வூட்டுல பெருநாளைக்குச் சேமியா பாயசம் காய்ச்சுவோம். அதுக்குள்ள ஒரு குச்சியை வுட்டுப் பாரு, சேமியா குத்துப்படுமா? வெலகிக்கினு போயிரும்."

அமுதவல்லி யோசித்தாள். சேமியா விலகுவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் பாரதியக்கா பாதிச் சாலில் உட்கார்ந்திருப்பதும் கூடவே தெரிந்தது.

"அப்படியும் முழு மயக்கந்தான் வேணும்னா?"

"வேணும்னா குடுக்கலாம். குடுக்க வேண்டிய நேரமும் வரும், குடுத்திருக்கேன். அதுல ஒரு ஆபத்து இருக்குது. நீ தூங்கிட்டா தொண்டையும் தூங்கிரும். வயித்துல இருக்கறது மேல வந்தா இருமித் துப்பத் தெரியாது, நேரா நுரையீரலுக்குள்ள போயிரும். அதுக்கும் ஏற்பாடு உண்டு, ஆனா முழிச்சிருக்கற தொண்டைக்கு ஈடாகாது. அதனாலதான் சாப்பிடாம வரச் சொல்றது." கண்ணில் சிரிப்பு இல்லை இப்போது. "காபித்தண்ணி மட்டும்னு எழுதியிருக்குது. காலையில என்னம்மா சாப்பிட்ட?"

ஒரு பொய்யை ஒருதரம் சொல்வது சுலபம். அதே பொய்யை, உன் முதுகு உன்னுடையது என்று சொன்ன ஒருத்தியின் கண்ணைப் பார்த்து இரண்டாம் தரம் சொல்ல வேண்டுமானால் நெஞ்சு வேறாக இருக்க வேண்டும். அமுதவல்லிக்குத் தன் வயிற்றுக்குள் பிள்ளைக்கு மேலே இன்னொரு பாரம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் கேட்டது கிடைத்துவிடும். முதுகு பிழைத்துவிடும். சொன்னால், முதுகைக் கொடுக்க வேண்டும்.

"களி" என்றாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு உருண்டைங்க. அவரைக்காய்க் குழம்பு ஊத்தி. ஏழு மணிக்கு."

"அடிப்பாவி!" என்றாள் ராஜாமணி சிஸ்டர். "எங்கிட்ட என்னா சொன்ன நீ?"

"திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் சிஸ்டர்."

"இப்ப மட்டும் கொஞ்சுவேன்னு நெனச்சியா?"

டாக்டர் ஷாஹீன் கையை உயர்த்தினார். "நீங்க திட்டறதை அப்புறம் வெச்சுக்கோங்க சிஸ்டர். முதல்ல வயித்துப் புளிப்பு அடங்கற மருந்து ஏத்துங்க." பிறகு அமுதவல்லியின் பக்கம் குனிந்தார். "சொன்னியே, அது பெரிய விஷயம். இப்ப நீ முடிவு பண்ணு."

அமுதவல்லி கூரையைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் இதுவரை எடுத்த முடிவெல்லாம் பாரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்ததுதான். இதையும் அப்படியே பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முதுகு போகலாம் என்கிற பயம். அது பாரதியக்கா சொன்னது. இன்னொரு பக்கம் மூச்சே போகலாம் என்கிற கணக்கு. அது தன் வயிற்றுக்குள் தானே விழுங்கி வைத்தது. எது கனம் என்று சொல்ல மேஸ்திரி வர வேண்டியதில்லை.

"முதுகுலயே போடுங்க மேடம். ஆனா எந்த எடம்னு முன்னாடியே வெரல் வெச்சுக் காட்டுங்க. எனக்குத் தெரியணும்."

உள்ளே ஆபரேஷன் மேஜையில் உட்கார வைத்தார்கள். கால் தொங்க, கீழே ஒரு முக்காலி. மடியில் தலையணை, எதிரே ராஜாமணி சிஸ்டர் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்ந்த மருந்தால் முதுகைத் துடைத்தார்கள். டாக்டரின் விரல் எலும்பு எலும்பாக இறங்கி, இடுப்பு மட்டத்தில் ஒரு பள்ளத்தில் நின்று அழுத்தியது. "இங்கதான். தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இப்ப முதுகை நல்லா வெளிய தள்ளி வளை. தாடையை நெஞ்சுல வை. எலும்புக்கு எலும்பு நடுவுல வழி தொறக்கணும்."

வளைத்தாள். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, எறும்பு கடித்த மாதிரி. அடுத்தது வருகிறது என்று டாக்டர் சொன்னதும், அமுதவல்லியின் முதுகு தானாக நிமிர்ந்தது. அவள் சொல்லி நிமிரவில்லை. பாரம் வருகிறது என்றதும் நிமிர்ந்து நின்று பழகிய முதுகு, ஊசியையும் ஒரு பெட்டி என்றே நினைத்துக்கொண்டது.

"எலும்புல தட்டுது" என்றார் டாக்டர். "வளைம்மா."

"வளையத்தான் பாக்கறேன், அது கேக்க மாட்டேங்குதுங்க!"

"பூனை மாதிரி வளை" என்றாள் சிஸ்டர்.

"நான் எந்தக் காலத்துல சிஸ்டர் பூனையா இருந்தேன்?"

மறுபடியும் ஒரு வலி வந்தது. வயிறு கல்லாக இறுகியது. எல்லோரும் காத்திருந்தார்கள். வலிக்கு நடுவே அமுதவல்லிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எந்த முதுகைக் காப்பாற்ற இவ்வளவு பேசினாளோ, அதுவே இப்போது குறுக்கே நிற்கிறது. இந்த முதுகு ஒருநாளும் வளைந்ததே இல்லையா? எப்போது வளைந்தது? பெட்டி ஏற்றுவதற்கு முன்னால், முதல் இரண்டு மாதம், கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து தக்காளிக் குவியலைத் தரம் பிரித்தபோது. காலுக்கு நடுவே உருண்டு ஓடுகிற பழத்தை எழுந்திருக்காமலே எட்டி எடுப்பாள். பொழுது சாய்கிற வரைக்கும் முதுகு வில்லாகவே இருக்கும். அந்த வேலையை அவள் வெறுத்தாள். அதனால்தான் எழுந்து போனாள்.

வலி இறங்கியது. அமுதவல்லி கண்ணை மூடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே முக்காலிக்கு அடியில் ஒரு பழம் உருண்டு போய்விட்டதாக நினைத்துக்கொண்டு அதை எட்டப்போனாள். தோள் விழுந்தது. தாடை நெஞ்சில் பதிந்தது. முதுகு முடிச்சு முடிச்சாக அவிழ்ந்தது.

"அப்படியே! அதேதான்! அசையாத!" என்றார் டாக்டர் ஷாஹீன்.

ஓர் அழுத்தம். வலி என்று சொல்ல முடியாது. பிறகு ஒன்றுமே இல்லை.

"அவ்வளவுதாம்மா. ஊசி வெளிய வந்துருச்சு."

"போட்டாச்சா?" என்றாள் அமுதவல்லி. நம்பாமல் இன்னும் அந்தப் பழத்தை எட்டிக்கொண்டே இருந்தாள்.

படுக்க வைப்பதற்குள் உட்காருமிடம் வெதுவெதுப்பானது. சூடு தொடைக்கு இறங்கி, பாதத்துக்குப் போய், வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்த மாதிரி இதமாக இருந்தது. பிறகு கால் கனத்தது. தூக்கு என்றார்கள், தூக்கப் பார்த்தாள், அது வேறு யாரோ ஒருத்தியின் கால் மாதிரி கிடந்தது. ஐஸ் துண்டைத் தோளில் வைத்தார் டாக்டர். சில்லென்றது. வயிற்றில் வைத்தார். சில்லிப்பு இல்லை, யாரோ தொடுகிற மாதிரி மட்டும் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே ஒரு திரையைக் கட்டினார்கள்.

"இழுக்கறது தெரியும், தள்ளறது தெரியும். வலி தெரியாது. தெரிஞ்சா உடனே சொல்லு, அடக்கிக்கினு கெடக்காத" என்றார் டாக்டர் ஷாஹீன். தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு கண் அவள் முகத்திலும் ஒரு கண் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் மானிட்டரில் ஓடும் கோட்டிலும் வைத்திருந்தார்.

இரண்டு நிமிஷத்தில் அமுதவல்லிக்குக் கொட்டாவி வந்தது. கண் இருட்டியது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே கிளம்பியது.

"மேடம், கொமட்டுது..."

டாக்டர் அதற்குள் மருந்தைக் குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தார். "ரத்த அழுத்தம் எறங்குது, இது வர்றதுதான். தலையை இந்தப் பக்கம் திருப்பு. வந்தா துப்பு, அடக்காத."

வந்தது. கறுப்பாக, கெட்டியாக, அவரைக்காயோடு வந்தது. அமுதவல்லி இருமினாள், துப்பினாள், மறுபடி இருமினாள். டாக்டர் ஒரு குழாயை வாயில் வைத்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார். கண்ணில் வெளிச்சம் திரும்பி வந்தது.

"ஆச்சு" என்றார் டாக்டர். கக்கியது விழுந்த தட்டை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். "நீ தூங்கியிருந்தா இதை நாந்தான் உன் நுரையீரலுக்குள்ள தேடிக்கினு இருப்பேன்."

அமுதவல்லிக்கு அப்போதுதான் உடம்பு நடுங்கியது. ஊசியின் நடுக்கமா, புரிந்த நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நிர்மலாதேவி, "இதோ கால் வருது... அட, என்னா உதை உதைக்குது!" என்றார். வயிற்றுக்குள் யாரோ கைவிட்டுச் சாக்குப்பையைத் துழாவுகிற மாதிரி இழுப்பு, ஒரு பெரிய அழுத்தம், சட்டென்று ஒரு காலி. எல்லாம் தெரிந்தது. வலி மட்டும் காணோம். பிறகு, திரையின் மேலே ஓர் அழுகை. மண்டியில் ஏலம் விடுகிறவர்கள் தோற்கிற குரல்.

"பொண்ணு. ரெண்டு கிலோ எண்ணூறு" என்றாள் ராஜாமணி சிஸ்டர். துடைத்த பிள்ளையைக் கொண்டுவந்து தாயின் கன்னத்தோடு வைத்தாள். "பாரு உம் பொண்ண. திட்டறதைப் பாக்கி வெச்சிருக்கேன், மறக்கல."

வார்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்தும் காலுக்கு உணர்வு வரவில்லை. வரும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அமுதவல்லி போர்வைக்குள் கையை விட்டுத் தன் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். அடுத்தவர் தொடையைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. தீர்த்தம்மாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். சிஸ்டர் வந்து நின்றாள்.

"ரெண்டு உருண்டை களி குடுத்து அனுப்புன மகராசி நீங்கதானா?"

தீர்த்தம்மாள் நிமிர்ந்தே பார்த்தாள். "ரெண்டு எங்க? ஒண்ணரைதான்."

"அரை உருண்டைக்குப் பேரம் பேசறீங்களே, உங்க மருமக உண்மையைச் சொல்லாம தூங்கியிருந்தா என்னாயிருக்கும் தெரியுமா?" என்று ஆரம்பித்து சிஸ்டர் சொல்லி முடித்தபோது, தீர்த்தம்மாள் பேத்தியின் துணியைச் சரி செய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மருமகளின் உணர்வில்லாத காலை எடுத்துத் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துவிட்டாள். "எனக்குத் தெரியலடி" என்றாள். அவ்வளவுதான். அவள் யாரிடமும் அதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை.

"அத்தை, அமுக்கறது தெரியுது" என்றாள் அமுதவல்லி. பெருவிரலை அசை என்று மனசுக்குள் சொன்னாள். அசைந்தது.

மறுநாள் காலை எழுந்து நடந்தாள். ஊசி போட்ட இடம் இரண்டு நாள் இடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் எந்த இடம் என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனபோது அவளுக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

பாரதி வந்து வாசலில் நின்றாள். "நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

அன்றைக்கு முழுக்க அமுதவல்லி பிள்ளையோடே இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், தொட்டிலில் போட்டாள், எடுத்தாள், மறுபடி கொடுத்தாள். சாயங்காலம் கையைப் பின்னால் கொண்டுபோய், டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தை அழுத்திப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. விரலை மேலே மேலே ஏற்றினாள். வலி தோள்பட்டைக்கு நடுவே இருந்தது, ஊசிக்கும் அதற்கும் இரண்டு சாண் தூரம். பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே கூன் போட்டு உட்கார்ந்து நாளுக்குப் பத்துத் தரம் பால் கொடுத்தால் கல்தூணும் வலிக்கத்தான் செய்யும். அன்றிலிருந்து சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்கி மார்புக்குக் கொண்டுவந்தாள். பத்து நாளில் வலி போய்விட்டது.

தையல் ஆற, உடம்பு தேற, ஆறாம் மாதம் மண்டிக்குப் போனாள். தர்மன் பாதிப் பெட்டியை எடுத்துவைத்து, "இதுல ஆரம்பி" என்றார். ஒரு வாரம் பாதிப் பெட்டி, அடுத்த வாரம் முக்கால். மூன்றாம் வாரம் முழுப் பெட்டிக்கு முன்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்தபோது, தரம் பிரிக்கிற பெண்களின் கை நின்றுவிட்டது. முதுகு நிமிர்ந்தது. மூச்சு ஒன்று. பெட்டி மேலடுக்கில் போய் உட்கார்ந்தது. அடுத்ததற்குக் குனியாமல் உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மாவுக்குக் கை ராசி" என்றாள் ஒருத்தி.

"ஆமா, கை ராசிதான். எல்லாருக்கும் அப்படி அமையுமா?" என்றாள் இன்னொருத்தி.

கை ராசி இல்லை என்று அமுதவல்லி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. பறிப்பு இல்லாத நாள் என்று தரம் பிரிக்க வந்திருந்த பாரதி மட்டும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது காயா பழமா என்று மறந்துபோனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"அப்போ அஞ்சு வருஷமா நான் நடிக்கறேன்னு எல்லாரும் பேசுவீங்க, இல்ல?"

"யாருக்கா அப்படிச் சொன்னது? உனக்கு வலிக்குது. நான் கண்ணால பாக்கறேன். ஊசியாலன்னுதான் நம்ப முடியல. ஏன் நீ ஒரு டாக்டருகிட்டயும் காட்டல?"

"ஊசி போட்ட முதுகுக்கு என்னத்த வைத்தியம்? போயிருச்சு, போனதுதான்னு இருந்துட்டேன்."

"நாளைக்குக் கெளம்பு. எலும்பு டாக்டருகிட்டப் போலாம்."

"நாளைக்குப் பறிப்பு இருக்குதுடி."

"பறிப்பு கெடக்குது. நீ வரலைன்னா உன்னையும் பெட்டி மாதிரி தூக்கிக்கினு போய் பஸ்ல வெச்சிருவேன்."

மறுநாள் காலை தர்மபுரி பஸ்ஸில் பாரதி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும் என்று அமுதவல்லி கண்டக்டரிடம் சண்டை போட்டு வாங்கிய இடம். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, நீளமான பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்தார்கள். பிள்ளை அமுதவல்லியின் தோளில் தூங்கியது.

"டாக்டரு கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் பாரதி. முதன்முதலாக அவள் குரலில் பயம் தெரிந்தது.

"எங்க வலிக்குதுன்னு காட்டு, போதும். எங்கிட்டக் காட்டு பாக்கலாம்."

பாரதி கையைப் பின்னால் கொண்டுபோனாள். கை முதுகின் நடுவில் நிற்கவில்லை. வலது இடுப்புக்கு நழுவி, பிட்டத்தைத் தாண்டி, தொடையின் பின்பக்கமாகவே இறங்கியது. "இங்க புடிக்கும். அப்படியே இழுத்துக்கினு கெண்டைக்கால் வரைக்கும் போவும். இருமினா மின்னல் அடிக்கற மாதிரி இருக்கும். ரெண்டு வெரல் மரத்துக்கெடக்குது, ஒரு வருஷமாச்சு."

அமுதவல்லி அவளையே பார்த்தாள். "காலுக்குப் போவுதா? ஊசி போட்ட எடத்துலயே இல்லையே இது. இத்தனை வருஷத்துல நீ ஒரு தரங்கூட இதைச் சொன்னதில்லையேக்கா."

"யாரு கேட்டீங்க? ஊசின்னு வாயைத் தொறந்ததும் எல்லாரும் உச்சுக் கொட்டிட்டுப் போயிட்டீங்க."

உள்ளேயிருந்து பாரதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள், பாதியில் நின்றாள். அமுதவல்லி தூங்குகிற பிள்ளையை ஒரு தோளில் சரித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பாரதியின் அக்குளில் கொடுத்து, முட்டியை மடக்கி, முதுகை நேராக்கி, ஒரே மூச்சில் இருவரோடும் எழுந்தாள்.

"வா. இப்ப சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம அப்படியே சொல்லு" என்றாள்.